கிளிரோசா

பழையபேட்டையில் ஆட்டோ பிடித்து
மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சிகிச்சை மையம் என்றால்
முகத்தைப் பார்ப்பார்கள்.
"கிளிரோசாதானே, ஏறுங்க."

முன்பு அது மாங்காய் மண்டி.
கிளிமூக்கு மலைமலையாய்க் கிடந்த கூடம்.
மாங்காய் போய்விட்டது,
கிளி மட்டும் பறக்காமல்
புதுப் பெயருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.
சித்திரை பிறந்தால் இப்போதும்
சுவர் மாம்பால் கசிகிறது, மூக்குக்கு மட்டும்.

தொண்டர்களாகப் பதினொரு பேர் சேர்ந்தோம்.
திறப்பு விழா போட்டோவில் பதினொரு பேரும் இருக்கிறோம்.
ஆவணியில் ஐந்து.
பஞ்சர் கடை இம்தியாஸ்,
நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற பாலிடெக்னிக் பையன் தர்ஷன்
(எழுதும்போதும் ஒரு கண் போனில்),
சமையலுக்கு இரண்டு பேர்,
செவ்வாய், சனி காலையில் நான்.

என்னைவிடப் பத்து வயது சின்னவள் ஜெரால்டின்,
பிசியோதெரபிஸ்ட்.
முதல் நாள் அவள் சொன்னது இவ்வளவுதான்:
"பிடிக்காதீங்க அக்கா.
உங்க கை அவங்க முதுகுக்கு ரெண்டு விரல் தள்ளி இருக்கணும்.
விழுந்தா பிடிங்க.
விழப்போறாங்கன்னு பிடிக்காதீங்க."

குழந்தை வளர்த்த கை.
பால் பொங்குமுன் அடுப்பை அணைத்தே பழகிய கை.
அந்த இரண்டு விரல் அகலத்தைத்
தாண்டாமல் நிற்க
எனக்கு மூன்று மாதம் ஆனது.

சௌடேஸ்வரிக்கு முப்பத்தொன்று.
வேப்பனப்பள்ளியிலிருந்து முதல் பஸ்.
பார்த்தால் ஒன்றும் தெரியாது.
சீட்டு கேட்டால்
நல்லாத்தானே இருக்கே என்கிறதாம் பஸ்.
அவள் புருஷன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்.
அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் இவளும் சொல்வாள்:
"வயரு நல்ல வயருதான்.
மேல இருக்கிற உறை அங்கங்க உரிஞ்சிருக்கு."

இரண்டு கம்பிகளுக்கு நடுவே
தெலுங்கில் எண்ணிக்கொண்டு நடப்பாள்.
ஒகட்டி.
ரெண்டு.
மூடு.
மூன்றாவது அடியில் ஒவ்வொரு முறையும்
என் தமிழ்க் காதுக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.
நாலுகு என்றால்தான் திறக்கும்.

கத்திரி வெயில் மூன்றாம் நாள்,
ஒரு செவ்வாய்.
ஏழு மணிக்கே கரண்ட் போனது.
வெயில் ஏற ஏற அவளுக்குக் கால் இறங்கும்.
கண்ணில் புகை படியும்.
குளிர்ச் சட்டைக்குள் வைக்கிற பைகள்
பிரிட்ஜில் வெந்நீராகிக்கொண்டிருந்தன.

இம்தியாஸ் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப்போய்
அணைக்கட்டு மீன் கடைகளுக்குப் போகிற ஐஸில்
ஒரு பாளத்தைச்
சாக்கில் சுற்றி, உமி கொட்டி,
லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்.
சுத்தியலால் உடைத்தோம்.
துண்டில் முடிந்து கழுத்தில், மணிக்கட்டில், முழங்கால் மடிப்பில் வைத்தோம்.
கூடமெல்லாம் ஜிலேபிக் கெண்டை வாசம்.
"மசாலா தடவலையா?" என்று கேட்டாள் சௌடேஸ்வரி.
ஜெரால்டின்கூடச் சிரித்துவிட்டாள்.

அப்புறம் எழுந்தாள்.
போன வாரம் ஒன்பது அடி.

ஒகட்டி. ரெண்டு. மூடு.
நாலுகு. ஐது.
ஆறாவதற்குத் தூக்கிய கால்
காற்றிலேயே நின்று யோசித்தது.
முழங்கால் ஒருமுறை நடுங்கியது.

பிடித்துவிட்டேன்.

இரண்டு கையாலும், இறுக்கி,
என் வளையல் அவள் விலாவில் பதிய.

அவள் திரும்பவில்லை.
கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"நான் விழலக்கா.
நீங்கதான் விழுந்துட்டீங்க."

யாரும் பேசவில்லை.
ஐஸ் சொட்டுவது கேட்டது.
தர்ஷன் அன்றைக்குப் போனை வைத்துவிட்டு
பேனாவோடு நிமிர்ந்து
"ஆறா, அஞ்சா?" என்றான்.
ஆறு என்று நான் வாயெடுப்பதற்குள்
"ஐது," என்றாள். "எழுது."

ஒன்பதரைக்கு வெளியே வந்தேன்.
வண்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர்
மேம்பாலம் பக்கமிருந்து வாசல்வரை
கோடாக வந்திருக்க வேண்டும்.
பாதியை வெயில் குடித்திருந்தது.
மீதியை ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்தது.

இன்சூரன்ஸ் ஆபீஸ் கவுண்டரில்
அன்று முழுக்க என் கையில் கவிச்சி.
சோப்பு இரண்டு தடவை போட்டும் போகவில்லை.
பிரீமியம் கட்ட வந்த பெரியவர்
ரசீதை மோந்து பார்த்தார்.
"செவ்வாயில மீனா மேடம்?"

ஐஸ் என்றேன்.

அவர் நம்பவில்லை.